முளைகட்டிய வெந்தயமும் 53 மரணங்களும்: 2011 ஜெர்மனி ஈ.கோலைத் தொற்று, ஒரு நிகழ்வு ஆய்வு

2011 மே 19 அன்று ஜெர்மனியின் தொற்றுநோய்க் கண்காணிப்பு அமைப்பான ராபர்ட் கோக் நிறுவனத்துக்கு ஹாம்பர்க் நகரிலிருந்து ஒரு தகவல் வந்தது. மூன்று குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் ஹீமோலிட்டிக் யூரிமிக் சிண்ட்ரோம் கண்டிருக்கிறது என்பதே அது. மருத்துவர்கள் இதைச் சுருக்கி எச்.யூ.எஸ். என்பார்கள். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் சில ரகங்கள் வெளியிடும் ஷிகா நச்சு இரத்தத்தில் கலந்து, நுண்ணிய இரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கிறது. சிவப்பணுக்கள் உடைகின்றன, தட்டணுக்கள் குறைகின்றன, சிறுநீரகம் செயலிழக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்ததே எச்.யூ.எஸ்.

மறுநாளே விசாரணைக் குழு ஹாம்பர்க் போனது. அங்கே அவர்கள் கண்டது குழந்தைகள் நோயை அல்ல. படுக்கைகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள், அவர்களிலும் பெண்களே அதிகம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்நாட்டில் எச்.யூ.எஸ். என்றாலே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்தான் நினைவுக்கு வருவார்கள். ஜூலை 26 அன்று தொற்று ஓய்ந்ததாக அறிவிக்கப்பட்டபோது மொத்தக் கணக்கு 3,842 பேர். அவர்களில் 855 பேருக்கு எச்.யூ.எஸ். வந்தது, அதில் 35 பேர் இறந்தார்கள். எச்.யூ.எஸ். வராமல் வயிற்றுப்போக்கோடு நின்ற 2,987 பேரில் 18 பேர் இறந்தார்கள்.

இந்த நிகழ்வை இன்றும் எடுத்துப் படிக்க வேண்டியதற்குக் காரணம் எண்ணிக்கை மட்டும் அல்ல. பாக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்கு பற்றி நாம் கைவசம் வைத்திருக்கும் எளிய விதிகள் மூன்று இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பொய்த்தன. நோயாளியின் வயது, ஆய்வகத்தின் வளர்ப்புத் தட்டு, உண்டதைப் பற்றிய நினைவு ஆகியவையே அந்த மூன்று இடங்கள். எந்த ஊரிலும் அடுத்த இரத்தக்கழிசல் நோயாளி வரும்போது இதே மூன்று இடங்களில்தான் நாம் சறுக்குவோம்.

வழக்கமாக எப்படிப் பிரிக்கிறோம்

வயிற்றுப்போக்கோடு ஒருவர் வந்தால் முதல் கேள்வி, தண்ணீராகப் போகிறதா, இரத்தமும் சளியுமாகப் போகிறதா என்பது. தண்ணீராக, அளவில் அதிகமாகப் போனால் கோளாறு பெரும்பாலும் சிறுகுடலில் இருக்கும். அங்கே கிருமி சுவரைத் துளைப்பதில்லை. நச்சை வெளியிட்டு, உப்பையும் நீரையும் குடலுக்குள் இறைக்க வைக்கிறது. காலரா இந்த வகையின் உச்சம். நச்சுசுரக்கும் ஈ.கோலை, குழந்தைகளிடமும் பயணிகளிடமும் மிகப் பரவலாகக் காணப்படுவது. குடலில் ஒட்டிக்கொண்டு மெல்லிழைகளை அழிக்கும் ஈ.கோலை வகை இரண்டு வயதுக்குட்பட்டவர்களைத்தான் பெரிதும் பிடிக்கும். திரள்திரளாக ஒட்டிக்கொள்ளும் இன்னொரு ஈ.கோலை வகையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் விடாத குழந்தைப் பேதியிலும் பயணிகளின் பேதியிலும் அதன் பங்கு பெரிது. இந்தக் கடைசி வகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஜெர்மனிக் கதையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இரத்தமும் சளியுமாக, சிறிது சிறிதாக, முக்கலோடு போனால் பெருங்குடல். ஷிகெல்லா, கேம்பிலோபாக்டர், சால்மொனெல்லா, யெர்சினியா, ஷிகா நச்சுள்ள ஈ.கோலை ஆகியவை இந்த வரிசையில் வரும். ஆன்டிபயாட்டிக் எடுத்த பெரியவரிடமும் மருத்துவமனையில் நீண்ட நாள் கிடந்தவரிடமும் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதில் மட்டும் குழந்தைக்கும் பெரியவருக்கும் கணக்கு தலைகீழ். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பலரின் குடலில் அந்தக் கிருமி எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும். அந்த வயதில் பரிசோதனையில் அது தெரிந்தால் அதையே நோய்க்குக் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது.

நோய் உண்டாக எத்தனை கிருமி தேவை என்பதிலும் வேறுபாடு பெரிது. ஷிகெல்லாவில் 10 முதல் 100 வரை போதும், அதனால்தான் அது கைவழியாகவே ஒரு வீட்டில் எல்லாருக்கும் பரவிவிடுகிறது. ஷிகா நச்சுள்ள ஈ.கோலையின் ஓ157 என்ற ரகத்துக்கும் நூற்றுக்குக் குறைவானவை போதும். காலராவுக்குக் கோடிக்கணக்கில் வேண்டியிருக்கும். சால்மொனெல்லாவுக்கும் பொதுவாக அதிகம் தேவை, ஆனால் பச்சிளங்குழந்தைகளிடமும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களிடமும் அந்த அளவு சரிந்துவிடும்.

ஷிகா நச்சுள்ள ஈ.கோலைக்கென்று மருத்துவர்கள் மனதில் ஒரு சித்திரம் உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை அல்லது முதியவர், சரியாக வேகாத மாட்டிறைச்சி அல்லது காய்ச்சாத பால், கடும் வயிற்றுவலி, முதலில் தண்ணீராகப் போய் இரண்டு மூன்று நாளில் இரத்தமாகும் பேதி, காய்ச்சல் இல்லை அல்லது லேசாக இருக்கும். ஆய்வகத்தில் தெரியும் ரகம் ஓ157:எச்7. ஜெர்மனியில் இந்தச் சித்திரத்தின் பாதி மட்டுமே பொருந்தியது.

வந்த கிருமி எது

அது ஈ.கோலை ஓ104:எச்4. மேலே சொன்ன திரள்திரளாக ஒட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் 1990-களில், விடாத பேதியால் அவதிப்பட்ட ஒரு நோயாளியிடம் எடுத்த கிருமியோடு அதன் மரபணு வரிசை நெருங்கி ஒத்துப்போனது. ஆனால் இதற்குள் இரண்டு புதிய சரக்குகள் ஏறியிருந்தன. ஒன்று, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜ் ஒன்று கொண்டுவந்த ஷிகா நச்சு 2 மரபணு. மற்றொன்று, பென்சிலின் வகை மருந்துகளையும் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களையும் உடைக்கும் நொதியைத் தரும் பிளாஸ்மிட், அதாவது பாக்டீரியாக்கள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் டி.என்.ஏ. வளையம். குடலில் நன்றாக ஒட்டிக்கொள்ளும் கிருமியும் கொல்லும் நச்சும் ஒரே உடலில் கூடிவிட்டன. நச்சு அதிகம் உறிஞ்சப்பட்டு எச்.யூ.எஸ். விகிதம் ஏறியதற்கு இந்தக் கூட்டே காரணம் என்று பலரும் கருதுகிறார்கள்.

ஓ157 தொற்றிய பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 15 சதவீதம் வரை எச்.யூ.எஸ். வருவதுண்டு, பெரியவர்களில் இன்னும் குறைவு. இங்கே எல்லா வயதையும் சேர்த்தே 22 சதவீதம். எச்.யூ.எஸ். வந்தவர்களில் 88 சதவீதம் பெரியவர்கள், 68 சதவீதம் பெண்கள், வயதின் இடைநிலை அளவு (மீடியன்) 42. கிருமி பெண்களைத் தேர்ந்தெடுத்துத் தாக்கியது என்று இதைப் படிக்கக் கூடாது. பச்சை முளைகளைச் சாலட்டில் விரும்பிச் சாப்பிட்டவர்கள் யார் என்பதையே இந்த எண்கள் காட்டுகின்றன. நோயாளிகளின் வயதும் பாலினமும் வழக்கத்துக்கு மாறாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், கிருமியின் குணத்தை ஆராய்வதற்கு முன் அந்த வயதினர் எதை உண்கிறார்கள் என்று கேட்பது நல்லது.

நோய் நாளுக்கு நாள் எப்படிப் போகிறது

உணவு உள்ளே போய்ப் பேதி தொடங்கும்வரை ஓ157-ல் மூன்று நான்கு நாள் என்று கணக்கு. ஓ104:எச்4-ல் இடைநிலை அளவு எட்டு நாள். பேதி தொடங்கியதிலிருந்து எச்.யூ.எஸ். வரை மேலும் ஐந்து நாள்.

முதல் நாள் தண்ணீராகப் போகும், வயிறு முறுக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் இரத்தம் தெரியும், சிலருக்கு மலமே இல்லாமல் வெறும் இரத்தமாகப் போகும். நான்காம் ஐந்தாம் நாளில் பேதி குறையத் தொடங்கும். நோயாளியும் வீட்டாரும் நிம்மதி அடையும் நேரம் இதுதான், உண்மையில் மிகக் கவனமாக இருக்க வேண்டிய நேரமும் இதுதான். நச்சு இரத்தத்தில் வேலையைத் தொடங்கிவிட்டிருக்கும். முகம் வெளுக்கும், சோர்வு கூடும், சிறுநீர் குறையும், கணுக்காலும் இமையும் வீங்கும். பேதி நின்றுவிட்டதே என்று வீட்டுக்கு அனுப்பிய நோயாளி இரண்டு நாளில் டயாலிசிஸுக்குத் திரும்பி வருவது இந்த இடைவெளியில்தான்.

இதைப் பிடிக்க விலையுயர்ந்த சோதனை எதுவும் தேவையில்லை. இரத்தக்கழிசல் தொடங்கிய நாளை ஒன்று என்று குறித்துவைத்து, நாள்தோறும் ஹீமோகுளோபின், தட்டணு எண்ணிக்கை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். முதலில் சரிவது தட்டணு. அது ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,50,000-க்குக் கீழே போனாலும், அதற்கு மேலேயே இருந்து நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தாலும், எச்சரிக்கை அடையாளம்தான். இரத்தப் படலத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் உடைந்த சிவப்பணுத் துண்டுகள் தெரியும், செல்கள் உடையும்போது வெளிவரும் எல்.டி.எச். நொதி ஏறியிருக்கும். பேதி நின்ற பிறகும் தட்டணு எண்ணிக்கை நிலைபெற்றோ ஏறியோ வரும்வரை இந்தக் கண்காணிப்பை விடக் கூடாது. சிறுநீர் அளவும் அதே முக்கியம். குழந்தைக்கு மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 1 மில்லி, பெரியவருக்கு அரை மில்லி என்ற அளவுக்குக் கீழே போகவிடக் கூடாது.

ஜெர்மனியில் மருத்துவர்களை அதிர வைத்தது மூளைப் பாதிப்பு. எச்.யூ.எஸ். வந்த பெரியவர்களில் பலருக்குக் குழப்பம், பேச்சு தடுமாறுதல், வலிப்பு வந்தன. இரத்தக் கணக்கும் சிறுநீரகமும் தேறிவரும் கட்டத்தில்கூடச் சிலருக்கு இவை தலைகாட்டின. ஆகவே ஆய்வக எண்களை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. படுக்கையருகே நின்று, ஒரு பொருளைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வதும், எளிய கூட்டல் கேட்பதும், கையெழுத்துப் போடச் சொல்வதும் தினசரிப் பார்வையின் பகுதியாக இருக்க வேண்டும்.

நீர் கொடுப்பதில் தவறு இரண்டு பக்கமும் நடக்கும். சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று பயந்து நீரைக் குறைத்தால், வறண்ட சிறுநீரகம் நச்சின் அடியை இன்னும் மோசமாக வாங்கும். எச்.யூ.எஸ். வருவதற்கு முன்பே இரத்தத்துக்கு ஈடான உப்புச் செறிவுள்ள திரவத்தை நாளம் வழியாகப் போதிய அளவு பெற்ற குழந்தைகளிடம் சிறுநீர் நின்றுபோவது குறைவாக இருந்ததைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாளம் வழியே செலுத்துவது 0.9 சதவீத உப்புநீர் அல்லது ரிங்கர் லாக்டேட் போன்றதாக இருக்க வேண்டும், வெறும் குளுக்கோஸ் நீர் கூடாது. மறுபக்கம், சிறுநீர் நின்ற பிறகும் அதே வேகத்தில் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். சிறுநீர் குறையத் தொடங்கிய மணியிலிருந்தே உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எடையையும் எழுதிவைத்து, போனதற்கு ஈடு கட்டும் அளவுக்கு மாற வேண்டும்.

மற்ற பாக்டீரியாப் பேதிகளுக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், நீரற்ற குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம் உள்ள ஓ.ஆர்.எஸ். கரைசலே அடிப்படை. நடுத்தர வறட்சி உள்ள குழந்தைக்கு முதல் நான்கு மணி நேரத்தில் ஒரு கிலோ எடைக்கு 75 மில்லி. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம் 10 முதல் 14 நாள், அதற்குக் கீழே பாதி அளவு. பாக்கெட்டைக் குறைந்த நீரில் கரைத்தால் உப்பு மிகுந்து ஆபத்தாகும், அதிக நீரில் கரைத்தால் பயன் குறையும். அளவு தெரிந்த பாத்திரம் வைத்திருப்பது மருந்துக்குச் சமம்.

பேதியை நிறுத்தும் லோபிரமைடு மாதிரி மருந்தை இரத்தக்கழிசலில் தொடவே கூடாது. குடலசைவு நின்றால் நச்சு உள்ளேயே தங்கும். இப்யூபுரோஃபென் வகை வலிமாத்திரைகள் சிறுநீரகத்துக்கு இரண்டாவது அடி. இரத்தப்போக்கோ அறுவையோ இல்லாதபோது, எண்ணிக்கை குறைந்திருக்கிறதே என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்றுவதும் சரியல்ல.

ஆன்டிபயாட்டிக்: கொடுப்பதா, காத்திருப்பதா

இரத்தக்கழிசலில் கை முதலில் போவது மருந்துச் சீட்டுக்குத்தான். ஷிகெல்லாவாக இருந்தால் அது சரி. ஷிகா நச்சுள்ள ஈ.கோலையாக இருந்தால் தவறாகலாம். காரணம் ஃபேஜில் இருக்கிறது. நச்சு மரபணுவைச் சுமக்கும் அந்த வைரஸ், பாக்டீரியாவின் மரபணுவுக்குள் உறங்கிக்கிடக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது கோட்ரிமாக்சசோல் போன்ற மருந்து பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைக் குலைக்கும்போது, அது ஆபத்துச் சமிக்ஞை எழுப்பும். வைரஸ் விழித்துப் பெருகும், அதோடு நச்சும் பெருகி, பாக்டீரியா வெடித்து மொத்தமாகக் கொட்டும். 2000-ஆம் ஆண்டு வெளியான ஓ157 ஆய்வொன்றில் பத்து வயதுக்குட்பட்ட 71 குழந்தைகளில், ஆன்டிபயாட்டிக் பெற்ற 9 பேரில் 5 பேருக்கு எச்.யூ.எஸ். வந்தது. பெறாத 62 பேரில் வந்தது 5 பேருக்கு. சிறிய ஆய்வுதான், ஆனால் பின்னாளில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், தரம் குறைந்தவற்றை நீக்கியபின் அதே திசையில்தான் முடிவு வந்தது.

ஜெர்மனி இதற்கு ஒரு திருத்தம் சேர்த்தது. எச்.யூ.எஸ். கட்டத்தில் அசித்ரோமைசின் பெற்ற 22 பேரில் 28 நாளுக்குப் பிறகும் கிருமியைச் சுமந்தவர் ஒருவர் மட்டுமே. பெறாத 43 பேரில் 35 பேர் சுமந்தார்கள். நிலைமையும் மோசமாகவில்லை. அசித்ரோமைசின் டி.என்.ஏ.வைத் தொடுவதில்லை, புரத உற்பத்தியை நிறுத்துகிறது. இதை வைத்து எல்லா இரத்தக்கழிசலுக்கும் அசித்ரோமைசின் என்று தாவ முடியாது. இது ஒரு ரகத்தில், நோய் முற்றிய பின் கிடைத்த முடிவு.

எப்படி முடிவெடுப்பது? எங்கள் கருத்தில் காய்ச்சல்தான் நல்ல திசைகாட்டி, தவறே செய்யாதது என்று சொல்ல முடியாவிட்டாலும். 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், முக்கல், சளி, நோயாளி சோர்ந்து கிடக்கிறார், சுற்றுவட்டாரத்தில் ஷிகெல்லா சாதாரணம் என்றால், சோதனைக்கு மலம் எடுத்துவிட்டு உடனே தொடங்கலாம். குழந்தைக்கு சிப்ரோஃப்ளாக்சசின் கிலோவுக்கு 15 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, மூன்று நாள். உள்ளூர் எதிர்ப்புத்திறன் நிலவரம் பார்த்து மருந்து மாறும். காய்ச்சலே இல்லாமல், வயிற்றுவலி கடுமையாக, இரத்தம் தாராளமாகப் போனால், நச்சுச் சோதனை முடிவு வரும்வரை கையைக் கட்டிக்கொள்வதே நல்லது. கேம்பிலோபாக்டருக்கு அசித்ரோமைசின் நோயின் முதல் மூன்று நாளுக்குள் தந்தால்தான் பெரிதாகப் பலிக்கும். சிக்கலில்லாத சால்மொனெல்லாப் பேதிக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம், மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தையும் நோயெதிர்ப்பு குன்றியவரும் விதிவிலக்கு.

ஜெர்மனியில் இரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சையும், எக்குலிசுமாப் என்ற மருந்தும் நூற்றுக்கணக்கானோருக்குத் தரப்பட்டன. பிந்தைய ஒப்பீடுகளில் இரண்டுக்கும் தெளிவான பயன் தெரியவில்லை. அத்தனை பேரைக் காப்பாற்றியது நல்ல டயாலிசிஸும் தீவிர சிகிச்சைப் பராமரிப்பும்தான்.

ஆய்வகத்தில் எங்கே தவறும்

மலத்தில் ஓ157-ஐத் தேட சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் கலந்த மெக்கான்கி தட்டில் கிருமியை வளர்த்துப் பார்க்கிறார்கள். சாதாரண ஈ.கோலை சார்பிட்டாலைப் புளிக்க வைத்து இளஞ்சிவப்பாக வளரும். ஓ157:எச்7 ஓரிரு நாள் புளிக்க வைக்காது, நிறமற்றுத் தெரியும். ஓ104:எச்4 சார்பிட்டாலைப் புளிக்க வைக்கிறது. ஆகவே அந்தத் தட்டில் குடலில் இயல்பாக வாழும் ஈ.கோலையிலிருந்து அதைக் கண்ணால் பிரிக்க வழியில்லை. தட்டை மட்டும் நம்பிய ஆய்வகம் நோய்க்கிருமி இல்லை என்று எழுதி அனுப்பும், அது பொய்யான அறிக்கை என்று யாருக்கும் தெரியாது.

குடல் சுவரில் ஒட்ட உதவும் இன்டிமின் என்ற புரதத்தின் மரபணுவும் இந்தக் கிருமியில் இல்லை. அந்த மரபணு இருந்தால்தான் ஆபத்தான ரகம் என்ற எண்ணமும் அத்தோடு விழுந்தது. தப்பிக்க ஒரே வழி நச்சையே தேடுவது. மலத்தை வளர்ப்புக் குழம்பில் ஓர் இரவு வைத்து ஷிகா நச்சுக்கு எலைசா சோதனை, அல்லது நேரடியாக நச்சு 1, நச்சு 2 மரபணுக்களுக்கு பி.சி.ஆர். இரத்தக்கழிசல் மலம் எதற்கும் தட்டும் நச்சுச் சோதனையும் சேர்ந்தே போக வேண்டும், குழந்தை, பெரியவர் என்ற பேதம் இல்லாமல். ஜெர்மன் ஆய்வகங்களுக்கு ஒரே ஒரு நன்மை கிடைத்தது. கிருமியின் மருந்தெதிர்ப்பைப் பயன்படுத்தி, செஃபலோஸ்போரின் கலந்த தட்டில் மற்றவற்றை ஒடுக்கி இதை மட்டும் வளர்க்க முடிந்தது.

மாதிரி எடுக்கும் நேரமும் முடிவைக் கெடுக்கும். நோய் தொடங்கி ஆறு நாளுக்குள், ஆன்டிபயாட்டிக்குக்கு முன் எடுத்தால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். எச்.யூ.எஸ். தெரியும்போது ஓ157 பல நோயாளிகளின் மலத்திலிருந்து மறைந்துவிட்டிருக்கும். இரத்தமோ சளியோ உள்ள பகுதியையே எடுக்க வேண்டும். ஷிகெல்லா அறை வெப்பத்தில் விரைவில் சாகும், கேம்பிலோபாக்டருக்குக் காற்றே பகை. இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேராது என்றால் கேரி-பிளேர் கடத்து ஊடகத்தில் போட்டுக் குளிரில் அனுப்ப வேண்டும்.

உணவைத் தேடி

மே 20 முதல் ஹாம்பர்க்கில் நடந்த முதல் ஒப்பீட்டில், நோயாளிகள் சமைக்காத தக்காளி, வெள்ளரி, சாலட் இலைகளை மற்றவர்களைவிட அதிகம் தின்றிருந்தது தெரிந்தது. 25-ஆம் தேதி அவற்றைத் தவிர்க்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. மறுநாள் ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிகளில் ஷிகா நச்சுள்ள ஈ.கோலை இருப்பதாக ஹாம்பர்க் அதிகாரிகள் அறிவித்தார்கள். 31-ஆம் தேதி தெரிந்தது, அது வேறு ரகம் என்று. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் விளைச்சல் குப்பைக்குப் போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் பின்னர் காய்கறி விவசாயிகளுக்கு 20 கோடி யூரோவுக்கும் மேல் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. ரகம் உறுதியாகும் முன் ஒரு பொருளின் பெயரையும் நாட்டின் பெயரையும் சேர்த்து வெளியிட்டதுதான் தவறு.

வெள்ளரி ஏன் சிக்கியது என்பதை எண்களே சொல்கின்றன. ஒரு விரிவான ஒப்பீட்டில் நோயாளிகளில் 88 சதவீதம் பேர் வெள்ளரி தின்றதாகச் சொன்னார்கள். முளை தின்றதாகச் சொன்னவர் 25 சதவீதம் மட்டுமே. சாலட்டின் மேல் தூவிய ஒரு சிட்டிகை முளையை யார் நினைவில் வைத்திருப்பார்? பேதி தொடங்கும்வரை எட்டு நாள், எச்.யூ.எஸ்.ஸுக்கு ஐந்து நாள், பிறகு அறிக்கை போகும் நாட்கள் என்று கூட்டினால், விசாரணையாளர் கேள்வி கேட்கும்போது உண்ட வேளை இரண்டு வாரத்துக்கும் அப்பால் போய்விடுகிறது. வெள்ளரியும் முளையும் ஒரே தட்டில் இருந்ததால், நினைவில் நின்றது குற்றவாளியாகத் தோன்றியது. கடைசி மூன்று நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்ற வழக்கமான படிவக் கேள்வி இங்கே பயனற்றது. பேதி தொடங்கிய நாளிலிருந்து பதினான்கு நாள்வரை பின்னோக்கிக் கேட்க வேண்டும்.

திருப்பம் தந்தது லூபெக் நகர உணவகம் ஒன்று. அங்கே மே மாதத்தின் நடுவில் குழுவாக வந்து உண்ட 10 குழுக்களை எடுத்தார்கள். இந்த முறை என்ன தின்றீர்கள் என்று நினைவைக் கிளறவில்லை. என்ன உணவு ஆர்டர் செய்தார்கள் என்பதை ரசீதிலிருந்தும் பட்டியலிலிருந்தும் விருந்தினர் எடுத்த புகைப்படங்களிலிருந்தும் எடுத்தார்கள். ஒவ்வொரு உணவிலும் என்னென்ன சேர்ந்தது, எதன்மேல் எது தூவப்பட்டது என்பதைச் சமையல்காரரிடம் கேட்டார்கள். முளை பரிமாறப்பட்டவர்கள் நோயுறும் வாய்ப்பு 14 மடங்கு. நோயுற்ற ஒவ்வொருவருக்கும் முளை பரிமாறப்பட்டிருந்தது. உணவால் பரவும் தொற்றை விசாரிக்கும் எவருக்கும் இதைவிடப் பயனுள்ள செய்முறை எங்களுக்குத் தெரியாது. உண்டவரைக் கேட்பதோடு, சமைத்தவரிடம் பொருள் பொருளாகக் கேட்க வேண்டும். அலங்காரத்துக்குத் தூவியதையும், அழகுக்கு வைத்த இலையையும் விடக் கூடாது.

மறுதிசையில், நோயாளிகள் கூட்டமாகத் தோன்றிய 41 இடங்களிலிருந்து விநியோகச் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்தார்கள். எல்லாமே ஜெர்மனியின் கீழ் சாக்சனி மாநிலத்தில் உள்ள ஒரே முளைப் பண்ணையில் போய் முடிந்தன. ஜூன் 10 அன்று காய்கறி எச்சரிக்கை நீக்கப்பட்டு முளைமீது எச்சரிக்கை வந்தது. அதே மாதம் பிரான்சில் போர்தோ அருகே பெக்ல் என்ற ஊரில் ஒரு நிகழ்ச்சியில் பரிமாறிய முளையால் இதே ரகம் பரவியது. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது எகிப்திலிருந்து வந்த வெந்தய விதை. 

அறிக்கை அனுப்புவதில் இருந்த தாமதத்தையும் குறிப்பிட வேண்டும். உள்ளூர்ச் சுகாதார அலுவலகத்திலிருந்து மாநிலத்துக்கும் அங்கிருந்து மத்திய நிறுவனத்துக்கும் போக, சட்டமே நீண்ட அவகாசம் கொடுத்திருந்தது. 2013-ல் அந்தக் கால அளவு சுருக்கப்பட்டது.

விதையில் என்ன நடக்கிறது

எடுத்த வெந்தய விதை மாதிரிகளில் அந்தக் கிருமி ஒருமுறையும் கிடைக்கவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு விதைமீது பழி சரியா என்று கேட்டவர்கள் உண்டு. விதை மூட்டையில் கிருமி சீராகப் பரவியிருக்காது. ஆயிரக்கணக்கான கிலோவில் சில பிடி விதைகளில் மட்டும் இருக்கலாம். உலர்ந்த விதையின் பிளவுகளில் ஈ.கோலை மாதக்கணக்கில், ஆண்டைக் கடந்தும் உயிரோடு காத்திருக்கும். மாதிரிக்கு எடுத்த பிடியில் அது இல்லாமல் போவது எளிது. ஆனால் முளைகட்டும் சூழலில், கதகதப்பும் ஈரமும் விதையிலிருந்து கசியும் சத்தும் சேரும்போது, ஒரு கிராமுக்கு ஒன்றிரண்டாக இருந்தது இரண்டு நாளில் பல லட்சமாகிவிடும். பண்ணை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்தப் பெருக்கத்தைத் தடுக்க முடியாது.

கழுவுவதால் பயனில்லை. கிருமி முளையின் மேற்பரப்பில் மட்டுமல்ல, வேர்நுனி வெடிப்புகளிலும் திசுவுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. விதையை 20,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20,000 பங்கு) குளோரின் தரும் கால்சியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஊறவைப்பது பண்ணைகளில் பரவலான முறை. எண்ணிக்கையை நன்றாகக் குறைக்கும், ஆனால் பிளவுகளுக்குள் இருப்பது தப்பிவிடும், தப்பியது மீண்டும் பெருகும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் முளையை ஆவி பறக்க நன்றாக வேகவைத்தே தர வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் நான்கு விதிகள் கொண்டுவந்தது. விதை மூட்டை எங்கிருந்து வந்து எங்கே போனது என்ற பதிவு, பண்ணைக்கு முன் அனுமதி, இறக்குமதிக்குச் சான்று, விற்பனைக்குரிய முளையில் 25 கிராமுக்கு ஓ104:எச்4 உட்பட ஆறு ஷிகா நச்சு ரகங்கள் இல்லாமை ஆகியவையே அவை. இவற்றில் நடைமுறையில் அதிகம் பலன் தருவது, முளையை வெட்டிப் பார்ப்பதைவிட, முளைகட்டும் தொட்டியிலிருந்து வடியும் நீரைச் சோதிப்பது. அந்த நீர் எல்லா விதையையும் தொட்டு வருகிறது, ஆகவே ஒரு மூலையில் ஒளிந்திருந்த கிருமியையும் காட்டிக்கொடுக்கும். முளைகட்டத் தொடங்கிக் குறைந்தது 48 மணி நேரம் கழித்து ஒரு லிட்டர் எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் பெருக்கம் போதாது. முடிவு வரும்வரை அந்தத் தொகுதி பண்ணையை விட்டு வெளியேறக் கூடாது. நச்சு மரபணு ஒன்று தெரிந்தாலும், எந்த ரகம் என்று காத்திராமல், தொகுதி முழுவதையும், அதே மூட்டையில் மிச்சமிருக்கும் விதையையும் ஒதுக்க வேண்டும்.